திருமணச் சான்றிதழ் இல்லாத இணையருக்கான ஆவண வழிகாட்டி

மருத்துவமனைச் சேர்க்கைப் படிவத்திலும், வங்கியின் நாமினிப் படிவத்திலும், காப்பீட்டு விண்ணப்பத்திலும் "உறவுமுறை" என்றொரு கட்டம் இருக்கும். பதினைந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ அந்தக் கட்டத்துக்கு முன்னால்தான் முதன்முதலாகத் தடுமாறுகிறார்கள். "அக்கா" என்றும் "சித்தி மகன்" என்றும் எழுதிச் சமாளிப்பவர்கள் உண்டு. அப்படி எழுத வேண்டாம். நாளை சொத்துத் தகராறு வந்தால், படிவத்தில் பொய் சொன்னவர் உயிலிலும் பொய் சொல்லியிருப்பார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிட அந்த ஒரு சொல் போதும். "நண்பர்" என்று எழுதுங்கள். அது உண்மை, சட்டத்துக்கும் அது போதும்.

சட்டத்தின் இன்றைய நிலை இது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கீழ் தன்பாலின உறவு குற்றமாகக் கருதப்பட்டதை நீக்கியது. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்று ஒருமனதாகவும், திருமணம் அல்லாத வேறு வகைச் சட்ட அங்கீகாரத்தைக் கேட்டுப் பெறும் உரிமையும் இல்லை என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையிலும் தீர்ப்பளித்தது. மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. சென்னை உயர் நீதிமன்றம் மட்டும் சற்று முன்னே நிற்கிறது. குடும்பத்தார் பிடித்து வைத்திருந்த ஓர் இளம்பெண்ணின் வழக்கில், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தை நம் நீதித்துறை ஏற்றிருக்கிறது என்றும் அது 2025 மே மாதம் கூறியது. பிடித்து வைக்கப்பட்டவரை மீட்கக் கோரும் ஆட்கொணர்வு வழக்கில் இந்தக் கருத்து கைகொடுக்கும். ஆனால் அதைக் காட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்க முடியாது.

(திருநங்கையர், திருநம்பியருக்கு நிலைமை வேறு. ஒரு திருநங்கைக்கும் ஓர் ஆணுக்கும் நடந்த திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் தீர்ப்பளித்தது. எதிர்பாலினத்தவரை மணக்கும் மாற்றுப் பாலினத்தவரின் உரிமையை 2023 தீர்ப்பும் உறுதிசெய்தது. அத்தகையோர் முதலில் திருமணத்தைப் பதிவுசெய்துகொண்டால், இங்கே சொல்லப்படும் சுமையில் பாதி குறையும்.)

ஆக, சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியர். ஆனாலும் ஆளுக்கொரு முழு உரிமை பெற்ற வயது வந்த தனிமனிதர். அத்தகைய ஒருவர் தன் சொத்தையும் பணத்தையும் தன் சார்பில் பேசும் அதிகாரத்தையும் விரும்பிய எவருக்கும் எழுதி வைக்கலாம், எழுதிக்கொடுக்கப்படுபவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. திருமணமானவர்களுக்கு ஒரு கையெழுத்தில் கிடைப்பதை நீங்கள் பத்துத் தனித்தனிக் காகிதங்களில் சேர்த்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். நோயிலும் முதுமையிலும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும், ரத்த உறவில்லாத பராமரிப்பாளருக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதல் படி: செலவில்லாத காகிதங்கள்

வங்கிக் கணக்கில் தொடங்குங்கள். தன்பாலின இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் எந்தத் தடையும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தது. கிளையில் தயங்கினால் அந்த அறிவிப்பின் அச்சுப் பிரதியைக் காட்டுங்கள். கூட்டுக் கணக்கைத் தொடங்கும்போது, "இருவரில் எவரேனும் அல்லது பிழைத்திருப்பவர்" என்ற இயக்க முறையைத் தேர்ந்தெடுங்கள். "இருவரும் சேர்ந்து" என்று குறித்துவிட்டால், ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நாளில் மற்றவரால் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். பெற்றோருக்கு ஒரு பங்கு, இணையருக்கு ஒரு பங்கு என்று பிரிக்க நினைப்பவர்களுக்கு இது வசதி.

வருங்கால வைப்பு நிதியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்தத் திட்டத்தின்படி, உறுப்பினருக்குக் "குடும்பம்" இருந்தால் நாமினி அந்தக் குடும்பத்துக்குள் இருந்துதான் வர வேண்டும், வெளியாள் பெயரைப் போட்டால் அந்த நியமனம் செல்லாது. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உறுப்பினரைச் சார்ந்து வாழும் பெற்றோர் முதலியோர் குடும்பம் என்று கொள்ளப்படுகிறார்கள். மணமாகாத ஒருவரின் பெற்றோர் ஓய்வூதியத்திலோ சொந்த வருமானத்திலோ வாழ்பவர்களாக இருந்தால், அவர்கள் சார்ந்தவர்கள் ஆகமாட்டார்கள். அந்நிலையில் அவர் இணையரை நியமிக்கலாம். பெற்றோர் உங்கள் சம்பளத்தில் வாழ்ந்தால் வைப்பு நிதியை அவர்களுக்கு விட்டுவிட்டு, அதற்கு ஈடாக வேறு சேமிப்பை இணையர் பெயருக்குத் திருப்புங்கள். விதியோடு மல்லுக்கட்டுவதைவிட இது புத்திசாலித்தனம்.

நாமினி பற்றி நம்மிடையே ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கிறது. பணம் நாமினியின் கைக்கு வரும் என்பது உண்மை. ஆனால் அவர் அதற்கு உரிமையாளர் ஆவதில்லை. வாரிசுகள் சார்பில் வாங்கி வைத்திருப்பவர்தான் அவர். பங்குகள், கடன் பத்திரங்கள் விஷயத்திலும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாக்கியது. ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. இணையர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நாமினிப் படிவம் பாதி வேலைதான், மீதிப் பாதியை உயில் செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: மருத்துவமனை

"ரத்த சொந்தம் யாராவது வந்திருக்கீங்களா?" என்ற கேள்வியை ஒருமுறை எதிர்கொண்டவர்கள் மறப்பதில்லை. நோயாளி நினைவோடு இருக்கும் வரை அந்தக் கேள்விக்குச் சட்ட மதிப்பு இல்லை. முடிவெடுக்கும் திறனுள்ள வயது வந்த நோயாளியின் சம்மதமே சம்மதம், அவருக்காகத் தாயார் கையெழுத்திட்டாலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறிவிட்டது. எனவே திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், சேரும் நாளிலேயே நோயாளி தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி மருத்துவப் பதிவேட்டில் சேர்த்துவிட வேண்டும். தன் நோய் விவரங்களை இன்னாரிடம் சொல்லலாம், தன்னருகே இன்னார் இருக்கலாம், தன்னால் பேச முடியாமல் போனால் இன்னாரைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற மூன்று செய்திகள் அதில் இருந்தால் போதும். ஆதார் நகலோடு இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

நினைவிழந்த பின் நிலைமை மாறுகிறது. "பவர்" (தன் சார்பில் செயல்பட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கியிருக்கிறோம், அது போதும் என்று பலரும் நம்புகிறார்கள். போதாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் இறந்தாலும் சித்தசுவாதீனம் இழந்தாலும் பவர் அத்தோடு முடிந்துவிடும். சில வெளிநாடுகளில் உள்ளதுபோல், சுயநினைவு போன பிறகும் நீடிக்கும் பவர் நம் நாட்டில் இல்லை. எந்த நாளுக்காக அதை எழுதினீர்களோ அந்த நாளில் அது வெறுங்காகிதம். கோமாவில் இருப்பவருக்குப் பாதுகாவலராக ஒருவரை நியமிக்க உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், நீதிமன்றங்கள் அப்படி நியமித்தும் இருக்கின்றன. ஆனால் அதுவரை மருந்துக் கடைக்கு யார் பணம் கொடுப்பது? மேலே சொன்ன கூட்டுக் கணக்கு இங்கேதான் உயிர்காக்கும்.

உயிர்காப்புக் கருவிகளைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவுக்கு முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தபோது, நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் யாரும் அதன் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் அது எளிதாக்கப்பட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். உங்களுக்குப் பதில் முடிவெடுக்கப் பாதுகாவலராகவோ நெருங்கிய உறவினராகவோ ஒருவரைப் பெயர் குறிப்பிட வேண்டும். "பாதுகாவலர்" என்ற இடத்தில் இணையர் பெயரை எழுதுங்கள். இரண்டாவதாக, அவரோடு ஒத்துப்போகும் இன்னொருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். குடும்ப மருத்துவருக்கு ஒரு நகல் போக வேண்டும்.

மனநலச் சிகிச்சையில் சட்டம் எதிர்பாராத அளவுக்குத் தாராளமாக இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயது வந்த எவரும் தமக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. நியமிக்கப்படுபவரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினருக்கு அடுத்த இடத்தில் "பராமரிப்பாளர்" வருகிறார். நோயாளியோடு வசித்து, ஊதியத்துக்கோ ஊதியம் இன்றியோ கவனித்துக்கொள்ளும் எவரும் பராமரிப்பாளர்தான் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. பாலீர்ப்பின் அடிப்படையில் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. மறதி நோயின் ஆரம்பக் கட்டம் என்று மருத்துவர் சொன்ன அந்த வாரத்திலேயே இந்தத் தாளை எழுதிவிடுவது நல்லது. பின்னால் கையெழுத்துச் செல்லுமா என்ற கேள்வி வந்துவிடும்.

மூன்றாம் படி: உயில்

உயில் இல்லாமல் இறந்தால் என்ன ஆகும்? மணமாகாத இந்து ஆணின் சொத்து தாய்க்குப் போகும், தாய் இல்லையென்றால் தந்தைக்கு, அவருக்குப் பின் உடன்பிறந்தோருக்கு. மணமாகாத இந்துப் பெண்ணின் சொத்து தாய் தந்தைக்கும், அவர்கள் இல்லாவிட்டால் தந்தையின் வாரிசுகளுக்கும் போகும். இருபது ஆண்டு கூட வாழ்ந்தவர் இந்த வரிசையில் எங்குமே இல்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் தனக்குள்ள பங்கையும் ஓர் இந்து உயிலில் கொடுக்கலாம். இஸ்லாமியர் வாரிசுகளின் சம்மதம் இன்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது. அதற்கு மேல் கொடுக்க நினைத்தால் வாழ்நாளிலேயே ஹிபாவாக (இஸ்லாமியச் சட்டப்படியான அன்பளிப்பாக) கொடுப்பதைப் பற்றி ஆலோசிக்க வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும், அதைக் கண்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் அது உயில். இருந்தாலும் உங்கள் நிலையில் பதிவுசெய்வது நல்லது என்பேன். ஏனென்றால் உங்கள் உயில் எதிர்க்கப்படும் என்று எண்ணித்தான் எழுத வேண்டும். உயிலால் பயன்பெறுபவரே அதைத் தயாரிப்பதில் முன்நின்றிருந்தால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியிருக்கிறது. அன்று முதல் உயில் வழக்குகளில் முதலில் எழும் கேள்வி, அந்த நாளில் யார் எங்கே இருந்தார்கள் என்பதுதான்.

அந்த நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரை எழுதுபவரே தேர்ந்தெடுத்து, தன் கணக்கிலிருந்தே கட்டணம் செலுத்த வேண்டும். இணையர் வரைவைத் தட்டச்சு செய்து தரக் கூடாது, திருத்தமும் சொல்லக் கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போவதும் வேறொருவராக இருக்கட்டும். முந்தைய நாளிலோ அன்றைக்கே காலையிலோ, எழுதுபவர் தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். சாட்சிகள் எழுதுபவரைவிட இளையவர்களாகவும், எளிதில் தேடிப் பிடிக்கக் கூடியவர்களாகவும் இருக்க வேண்டும். இணையரோ அவர் குடும்பத்தாரோ சாட்சியாகக் கூடாது. கிறிஸ்தவர் முதலியோருக்கு, சாட்சிக் கையெழுத்திட்டவருக்கு உயிலில் எழுதிய பங்கு சட்டப்படியே செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் சந்தேகம் பொருந்தும்.

உயிலுக்குள் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் மறந்தும் விட்டுவிடாதீர்கள். அவர்களைப் பெயரிட்டுக் குறித்து, ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுத வேண்டும். வசை வேண்டாம். "என் தம்பிக்கு எங்கள் தந்தையார் காலத்திலேயே வீடு அமைந்துவிட்டதாலும், என் நோய்க்காலத்தில் என்னை உடனிருந்து கவனித்து வருபவர் என் நண்பர் இன்னார் என்பதாலும்" என்று காரணத்தை அமைதியாகச் சொன்னால், படிக்கும் நீதிபதிக்கு எழுதியவரின் புத்தித் தெளிவு தெரியும். இணையர் என்று வெளிப்படையாக எழுதுவதா, நண்பர் என்று நிறுத்திக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம், சட்ட விளைவில் வேறுபாடு இல்லை.

பழைய பத்திரங்களில் "ஆயுள் பரியந்தம்", அதாவது ஆயுள் முடியும் வரை, என்றொரு சொற்கட்டு வரும். அது மிகப் பயனுள்ளது. வீட்டில் இணையர் ஆயுள் பரியந்தம் குடியிருந்து அனுபவித்து வரவும், அவருக்குப் பின் வீடு தன் அண்ணன் மகளுக்குச் சேரவும் எழுதினால், வழக்குத் தொடுக்கும் வேகம் குடும்பத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். முழு உரிமை கொடுத்துப் பத்தாண்டு நீதிமன்றத்தில் அலையவிடுவதைவிட, தலைக்கு மேல் கூரையை உறுதிசெய்வது மேல் என்று நினைக்கும் இணையர்கள் இதை யோசிக்கலாம்.

நான்காம் படி: வீடு

சேர்ந்து வாங்கும் வீட்டுக்குக் கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் வர வேண்டும், யாருக்கு எத்தனை பங்கு என்பதும் வர வேண்டும். ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்றவருக்குப் போய்விடும் என்று எண்ண வேண்டாம், அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதனால் பத்திரப்பதிவு முடிந்த கையோடு இருவரும் தத்தம் பங்குக்கு உயில் எழுதிவிட வேண்டும். விற்பவருக்கு அவரவர் பங்குத் தொகையை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே நேராகச் செலுத்துங்கள்.

அதற்குக் காரணம் வருமான வரி. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாகப் பெற்றால் முழுத் தொகையும் பெற்றவரின் வருமானமாகக் கணக்கிடப்படும். கணவன் மனைவிக்கு உள்ள விலக்கு உங்களுக்கு இல்லை. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்தில் 2025-இல் ஒரு மனு தாக்கலாகியிருக்கிறது. உயில் மூலம் வருவதற்கு இந்த வரி கிடையாது. வாழ்நாளிலேயே சொத்தை விலையின்றி ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கும் தமிழ்நாட்டில் இதே கதைதான். குடும்ப உறுப்பினருக்கு எழுதினால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. வெளியாளுக்கு எழுதினால் சொத்து மதிப்பில் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி, பெறுபவருக்கு வருமான வரி அதற்கு மேல். எனவே பெரும்பாலோருக்கு உயிலே சரி. வாழ்நாளிலேயே குடும்பம் வந்து வீட்டைப் பூட்டிவிடும் என்ற அச்சம் மெய்யாக இருந்தால் மட்டும் செட்டில்மென்ட்.

வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் இல்லாத மறுவாரமே மற்றவர் தெருவுக்கு வர நேரலாம். குழந்தையைப் பற்றி ஒரு சொல்: இணையராகத் தத்தெடுக்க வழியில்லை, தனிநபராக ஒருவர் எடுக்கலாம், ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தை தரப்படாது. தத்தெடுத்தவர் தன் உயிலில் இணையரைக் குழந்தையின் காப்பாளராக நியமிப்பது மிக அவசியம்.

பராமரிப்பாளருக்குத் தனியே

கவனித்துக்கொண்டார் என்பதற்காக மட்டும் ஒருவருக்குச் சொத்தில் உரிமை வராது. வீட்டைக் கொடுத்துப் பராமரிப்பைப் பெற நினைக்கும் 60 வயதைக் கடந்தவர், அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். எழுதியிருந்து, பராமரிப்பவர் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்துசெய்யலாம். பெற்றவர் உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அந்தப் பிரிவில் இல்லை.

பராமரிப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நோட்டுப் போதும். எந்தத் தேதியில் நோயாளி கணக்கிலிருந்து எவ்வளவு எடுத்தோம், எதற்கு, ரசீது எங்கே என்று எழுதி வாருங்கள். நோயாளி இறந்த நிமிடத்திலிருந்து அவருடைய ஏடிஎம் அட்டையையும் யுபிஐ-யையும் தொடாதீர்கள், ஈமச்செலவுக்கு என்றாலும் கூடாது. குடும்பத்தார் கொடுக்கும் முதல் காவல் புகார் பெரும்பாலும் அந்தப் பணத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஈமச்சடங்கை யார் செய்வது என்பதை நோயாளி ஒரு தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கலாம். உயிலில் மட்டும் எழுதினால், உயிலைப் பிரிப்பதற்குள் தகனம் முடிந்திருக்கும். நெருங்கிய உறவினர் கிடைக்காத நிலையில் உடலை இணையர் பெற்றுக்கொள்ள அனுமதிக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024-இல் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் உறவினர் வந்து நின்றால் அந்தக் கடிதம் உதவாது.

வீட்டை விட்டு வெளியேற வேண்டிய ஆபத்து உள்ளவர்கள் கையில் பிறப்புச் சான்று, கல்விச் சான்று, ஆதார் ஆகியவற்றின் மூலப் பிரதிகள் இருக்க வேண்டும். தாம் வயது வந்தவர், தம் விருப்பப்படியே போகிறோம் என்று எழுதிய ஒரு கடிதத்தை வழக்கறிஞரிடம் கொடுத்துவைக்க வேண்டும். பாலினச் சிறுபான்மையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டிருக்கிறது. காவல் நிலையத்தில் அதன் எண்ணைச் சொல்லிப் பேசினால் பேச்சின் தொனி மாறக்கூடும்.

எல்லா ஆவணங்களையும் எழுதி முடித்த பின், மூலங்களை ஒருவர் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைத்துவிடாதீர்கள். அவர் இறந்தால், நாமினி குறிக்கப்படாத லாக்கரைத் திறக்க வாரிசுச் சான்று கேட்பார்கள், அந்தச் சான்றில் இணையரின் பெயர் இருக்காது. அவருக்கு உரிமை தரும் உயிலோ உள்ளே கிடக்கும். லாக்கரை இருவர் பெயரிலும் எடுங்கள், அல்லது உயிலை முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் வைப்பு செய்யுங்கள். நகல்கள் ஒரு கோப்பில், வீட்டு வாசலருகே, இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்சில் ஏறும்போது கையில் எடுக்க வாகான இடத்தில் இருக்கட்டும்.